ஒரு மணி நேரம் தாமதமா? கேட்டை விட்டு நகராதீர்கள்

சென்னையில் மாலை 6 மணி விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று போனில் செய்தி வந்ததும், சரி, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அந்த ஒரு மணி நேரம் வெறும் கணக்குதான், எப்போது வேண்டுமானாலும் மாறும், திடீரென்று குறையவும் செய்யும்.

உள்நாட்டில் ஓடும் ஒரு ஏர்பஸ் ஏ320 விமானம் ஒரே நாளில் ஐந்தாறு தடவை பறக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஆளை இறக்கி, கூட்டித் துடைத்து, எரிபொருள் நிரப்பி, பெட்டிகளை ஏற்றிக் கிளம்ப அதற்குக் கிடைப்பது அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. ஜனவரிக் காலையில் டெல்லியில் மூடுபனி இறங்கினால், 50 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றாலும் கருவிகளின் துணையோடு தரையிறங்க முடியும், ஆனால் அதற்கு விமானத்தில் வசதியும் விமானிக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும், ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளியும் கூடுதலாக விடவேண்டும். அங்கே காலையில் இழந்த நேரம்தான் ஊர் ஊராகச் சுற்றி மாலையில் நம்மிடம் வந்து சேர்கிறது. போகி அன்று பனியோடு புகையும் கலந்துவிட்டால் சென்னையிலேயே இந்தக் கதைதான்.

அப்புறம் ஏன் தாமதம் திடீரென்று குறைகிறது? கம்பெனி வேறு விமானத்தை மாற்றி விடலாம், இல்லையென்றால் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் கிளம்புவதற்கு முன்னதாகவே ஒரு நேரம் ஒதுக்கிவிடலாம். டிக்கெட்டில் போட்டிருப்பது விமானம் நிறுத்திய இடத்திலிருந்து நகரும் நேரம், கேட்டை அதற்குப் பெரும்பாலும் 25 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் தலைகளை எண்ணி, எடைக் கணக்கை முடித்து விமானியிடம் கொடுக்கிறார்கள். வராத பயணியின் பெட்டி உள்ளே இருந்தால் தேடி இறக்கியே ஆக வேண்டும். 1985-ல், ஏறாத ஒரு பயணியின் பெட்டியில் இருந்த குண்டு வெடித்து ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேர் இறந்தார்கள், இந்த விதி இவ்வளவு கறாராக இருப்பது அதனால்தான். ஒருவர் வராவிட்டால் மற்ற எல்லோரும் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

விமானங்கள் பறப்பதை வரைபடத்தில் காட்டும் பிளைட்ரேடார்24 செயலியில் உங்களுக்கு வரவேண்டிய விமானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இன்னும் டெல்லியிலேயே நின்றால் சாப்பிடப் போகலாம், ஆனாலும் கேட் எண் தெரியும் திரை கண்ணில் படுகிற இடமாக உட்காருங்கள். விமானம் வந்து நின்று, பயணிகள் இறங்கி முடிந்து, துப்புரவுப் பணியாளர்கள் உள்ளே ஏறுவது கண்ணாடி வழியாகத் தெரிந்ததா, காபியைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசைக்கு வந்துவிடுங்கள்.