முழுத்தொனி: ஒரு பெயர், இரண்டு இடைவெளி

மேற்கத்திய இசையைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'ஹோல் டோன்' (பியானோவில் இரண்டு அரைச்சுரம் கொண்ட இடைவெளி) என்று வந்தால் 'முழுத்தொனி' என்று போட்டுவிடுகிறார்கள். பியானோவுக்கு அது போதும். அங்கே எல்லா முழுத்தொனியும் ஒரே அளவு, 200 சென்ட் (ஒரு ஸ்தாயி, அதாவது ச முதல் மேல் ச வரை, 1200 சென்ட்). சுரங்களைச் சின்ன முழு எண் விகிதங்களில் சேர்க்கும் 'ஜஸ்ட் இன்டோனேஷன்' முறைக்குத்தான் அது போதாது.

90 செ.மீ. நீளத் தந்தியைச் ச என்று வைத்துக்கொள்வோம். 80 செ.மீ. மட்டும் அதிரும்படி அழுத்தினால் ரி. விகிதம் 9/8, அதாவது 204 சென்ட். 72 செ.மீ. அதிர்ந்தால் அந்தர காந்தாரம் (பெரிய க), சட்ஜத்துக்கு 5/4. சரி, ரியிலிருந்து காந்தாரத்துக்கு எவ்வளவு? 80/72, சுருக்கினால் 10/9. வெறும் 182 சென்ட், ஆனால் இதற்கும் முழுத்தொனி என்றே பெயர். இங்கேயும் 9/8 ஏறினால் 71.1 செ.மீ.க்குப் போய்விடுவோம், தம்புராவில் தானாகக் கேட்கும் காந்தாரத்தோடு அது ஒட்டாது. இடையில் நிற்கும் 81/80 என்ற சுமார் 22 சென்ட் வித்தியாசத்துக்கு, கிரேக்க அறிஞர் டிடிமஸின் பெயரால் 'டிடிமஸ் கமா' என்று பெயர். (நிறுத்தற்குறிக் கமாவும் இதே சொல்தான், கிரேக்கத்தில் 'வெட்டிய துண்டு'.)

'டோன்' கிரேக்க 'டோனோஸ்' வழி வந்தது. இழுத்துக் கட்டுவது, தந்தியின் விறைப்பு என்பது மூலப்பொருள். நம் 'தொனி'யோ வடமொழி 'த்வனி'. இரண்டுக்கும் உறவில்லை, ஒலி ஒத்துப்போனது தற்செயல். போதாக்குறைக்கு 'மிரட்டும் தொனி' என்றுதான் அச்சொல்லை இன்று நாம் புழங்குகிறோம்.

பெரியதையும் சிறியதையும் பிரித்துச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே வழி உண்டு. கர்நாடக இசை நூல்கள் 9/8 ரிஷபத்தைச் சதுச்ருதி என்றும், 10/9 ரிஷபத்தைத் திரிச்ருதி என்றும் சொல்கின்றன. சிலப்பதிகார உரை மரபில் ஏழிசைக்கு 4, 4, 3, 2, 4, 3, 2 என்று 22 அலகு (அலகு என்பது சுருதிக்குத் தமிழ்ப் பெயர்). ஆகவே 9/8-ஐ 'நாலலகு', 10/9-ஐ 'மூவலகு' என்பதே என் விருப்பம். 'பெருந்தொனி', 'சிறுதொனி' என்று புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

ஒன்று மட்டும்: அலகை அளவுகோலின் சமக் கோடாக எண்ணிவிடக் கூடாது. ஸ்தாயியை 22 சம பாகமாக்கினால் நாலலகு 218 சென்ட், மூவலகு 164 சென்ட் என்று வரும், இரண்டுமே பொருந்தாது. தமிழிசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 22 என்ற கணக்கையே ஏற்காமல் 24 என்று வாதாடியது தனிக்கதை.