போதை கண்ணை மறைப்பது எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில், வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்த நேரத்தில், குடித்திருந்த உறவுக்காரர் ஒருவர் இவருடைய தோழியின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். மறுநாள் பெரியவர்கள், "போதையில் தெரியாமல் செய்துவிட்டான், விட்டுவிடுங்கள்" என்று முடித்துவிட்டார்களாம். குடித்தால் உண்மையிலேயே ஒன்றும் தெரியாமல் போய்விடுமா என்று கேட்கிறார்.

போகாது. சட்டமும் இந்தச் சாக்கை ஏற்பதில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 85, 86-ஆம் பிரிவுகளும், 2024 ஜூலையில் அவற்றின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24-ஆம் பிரிவுகளும், விருப்பமின்றியோ தெரியாமலோ மது புகட்டப்பட்டவருக்குத்தான் சலுகை தருகின்றன.

மது மூளைக்குள் செய்யும் வேலை இது: நரம்புகளை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது, தூண்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளின் வேலையைக் குறைக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி தளர்கிறது. எனக்குப் பெருவியப்பாக இருப்பது இதற்கு அடுத்த கட்டம்.

1990-இல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு 'மதுக் கிட்டப்பார்வை' என்று பெயர் வைத்தார்கள். அமாவாசை இரவில் பனங்காட்டுக்குள் டார்ச் அடித்துப் போகிறவருக்கு வெளிச்சம் விழும் மரம் தெரியும். பக்கத்தில் கிடக்கும் பாம்பு தெரியாது. குடித்தவரின் கவனமும் அப்படித்தான் சுருங்குகிறது. ஆசை, கோபம், "என்னை மதிக்காமல் போகிறாளே" என்ற எரிச்சல் ஆகியவை உரக்கக் கூவுபவை. அவை வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. அவள் முகம் சுளித்தது, கையை உதறியது, நாளைக்கு வரப்போகும் விளைவு எல்லாம் மெல்லிய குரல்கள். அவை வெளியே நின்றுவிடுகின்றன.

சரி, வட்டத்துக்குள் வேறொன்றை வைத்தால்? பீட்டர் ஜியான்கோலாவும் மிச்செல் கார்மனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. குடித்த ஆண்கள் ஒரு போட்டியில் எதிராளிக்கு மின்அதிர்ச்சி கொடுக்கலாம். (எதிராளி கற்பனைதான், அது அவர்களுக்குத் தெரியாது.) கூடவே, திரையில் அடுத்தடுத்து ஒளிரும் கட்டங்களின் வரிசையையும் சிலர் நினைவில் வைக்கவேண்டும். அந்த வேலை இருந்தவர்களின் ஆக்ரோஷம் குறைந்தது. மது என்று நம்பிப் போலி பானம் குடித்தவர்களைவிடவும் குறைந்தது! மது அதே மதுதான், கவனம் போன இடம் வேறு. குடித்தவனுக்குள் ஏதோ பேய் புகுந்துவிட்டதைப் போலப் பேசுகிறவர்கள் இந்த முடிவை ஒருமுறை யோசித்துப் பார்க்கவேண்டும்.

உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் பயிற்சிக்கு இங்கேதான் இடம். ஏமாற்றம் வரும்போது "எனக்கு இப்போது கோபம் வருகிறது" என்று மனதுக்குள் பெயர் சொல்வது ஒன்று. "அவமானப்படுத்திவிட்டாள்" என்பதை "அவளுக்கு விருப்பமில்லை" என்று மாற்றிப் பார்ப்பது இன்னொன்று. எழுந்து அந்த இடத்தைவிட்டுப் போவது எல்லாவற்றிலும் எளியது. பல்லைக் கடித்து அடக்குவது மட்டும் போதாது. முகம் அமைதியாக இருக்கும், உள்ளே உடம்பின் கொதிப்பு தணியாது. இவற்றையெல்லாம் குடிக்காத நாட்களில் பழகவேண்டும். போதையில் புதிதாகக் கற்பது கடினம். கைப்பழக்கமாகிவிட்டது மட்டுமே அப்போது உதவிக்கு வரக்கூடும். அமெரிக்காவில் கெல்லி கியூ டேவிஸ் போன்ற ஆய்வாளர்கள் இத்தகைய பயிற்சிகளை இளைஞர்களிடம் சோதித்து வருகிறார்கள்.

நம் ஊரில் அறிவுரை முழுவதும் பெண்களுக்கே போகிறது: ஆறு மணிக்குள் வீட்டுக்கு வா, கொடைக்குத் தனியாகப் போகாதே. எனக்கு இதில் கடும் கோபம் உண்டு. 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசே. அந்த வருமானத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலேயே இந்தப் பயிற்சியைத் தமிழில் வடிவமைத்து, பலன் தருகிறதா என்று அளந்து பார்க்கலாம். பந்தக்கால் நடும் கால்நாட்டுக்கும் கொடைக்கும் இடைப்பட்ட நாட்களில் விழாக் குழுவினர் ஊர்ப் பையன்களை ஒரு மாலை உட்காரவைத்துப் பேசலாம். கையைப் பிடித்து இழுத்த அந்த உறவுக்காரர் பயிற்சிக்கு வரட்டும். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லியாகவேண்டும், அவள் புகார் கொடுக்க விரும்பினால் ஊர் குறுக்கே நிற்கக்கூடாது.