டொமைன் வாங்குவதற்கு முன்

விக்கி மாதிரி பலர் சேர்ந்து எழுதும் கூட்டுத் தளங்களுக்கு சர்வர் அமைத்துப் பராமரிப்பது என் தொழிலில் ஒரு பகுதி. வட்டாரச் சொல்லகராதி, ஊர் வரலாறு, மூலிகைத் தொகுப்பு என்று யோசனையோடு வருகிறவர்களில் பலர் டொமைன் (தளத்தின் இணைய முகவரி) வாங்கி, லோகோவும் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஏகப்பட்ட பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள். நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஆரம்பச் சூடு ஆறிய பிறகு, ஆறாவது மாதத்தில் ஸ்பாம் நீக்க யார் உட்காருவார்கள்?

கிண்டலுக்குக் கேட்பதில்லை. விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியை நிறுவி, யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம் என்று திறந்துவிட்டுப் பாருங்கள். உங்கள் ஆட்கள் வருவதற்குள் சூதாட்ட விளம்பரமும் போலி மருந்து விளம்பரமும் பக்கம் பக்கமாக வந்து உட்கார்ந்திருக்கும்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாக்காரர்கள் இதற்கு 2006-இலேயே ஒரு வழி கண்டார்கள். புதிய மொழியில் விக்கிப்பீடியா வேண்டும் என்றால் உடனே தனித்தளம் தருவதில்லை. இன்குபேட்டர் என்ற பொதுத்தளத்தில் முதலில் எழுதிக் காட்ட வேண்டும். அங்கே ஒவ்வொரு பக்கத்தின் தலைப்புக்கு முன்னாலும் திட்டத்தின் குறியீடு, மொழியின் குறியீடு என்று ஒரு முன்னொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுப்பதே எரிச்சலான வேலை. அந்த எரிச்சலையும் தாங்கிக்கொண்டு ஒரே ஆள் இல்லாமல் பலர் மாதக்கணக்கில் தொடர்ந்து எழுதுகிறார்களா, மென்பொருளின் முக்கியச் சொற்றொடர்களை மொழிபெயர்த்திருக்கிறார்களா என்று விக்கிமீடியாவின் மொழிக்குழு பார்க்கும். ஆதரவு வாக்கு எத்தனை விழுந்தது என்பது அங்கே எடுபடாது. துளு விக்கிப்பீடியா பல ஆண்டுகள் அங்கே கிடந்து, 2016 ஆகஸ்டில்தான் தனித்தளம் ஆனது. தாமதம்தான், ஆனால் வெளியே வந்தபோது அதை நடத்த ஆட்கள் இருந்தார்கள்.

ஆட்கள் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவைப் பார்க்கலாம். அந்த மொழி சரியாகத் தெரியாத ஒரு அமெரிக்க இளைஞர் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிக் குவித்திருந்தது 2020-இல்தான் பெரிய அளவில் வெளியே தெரிந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாகத் தெரியவில்லை. படித்துப் பார்த்து ‘தம்பி, இது தப்பு’ என்று சொல்லித் திருத்தப் போதுமான ஆட்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அதற்காக வாசலில் ஏழு பூட்டு போடச் சொல்லவில்லை. 2000-இல் தொடங்கிய நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டியிருந்தது; முதல் வருடத்தில் தேறியவை இருபது சொச்சம். அதற்குத் துணையாக 2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியா முதல் வருடத்திலேயே பல ஆயிரம் கட்டுரைகளைத் தாண்டியது. தளம் திறப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும். திறந்த தளத்தில் எழுதுவதற்கு அத்தனை கட்டுப்பாடு வேண்டாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அப்புறம் உரிமம், அதாவது எழுதியதை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. இதை முதல் நாளே எழுத்தில் போட்டுவிடுங்கள். விக்கிடிராவல் என்ற பயணத்தளத்தை ஒரு நிறுவனம் 2006-இல் வாங்கியது. அதன் போக்கு பிடிக்காத தன்னார்வலர்கள் பின்னாளில் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். 2013 ஜனவரியில் விக்கிமீடியாவின் விக்கிவாயேஜ் முறைப்படி தொடங்கியது. எழுதியவை, யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது. உரிமம் எதுவும் சொல்லாமல் சேர்த்த தளத்தில், பின்னால் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். நாலு வருடம் கழித்துப் பாதிப் பேரின் மின்னஞ்சல் வேலை செய்யாது.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ஏற்கனவே இருக்கும் ஒரு இடத்தில் மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். சொல்லகராதி என்றால் விக்கிமீடியாவின் திறந்த அகராதியான தமிழ் விக்சனரியிலேயே சேர்க்கலாம். வேறு எதுவானாலும் பகிர்ந்த ஒரு கூகுள் ஷீட்டே போதும். மூன்றாம் மாதமும் யார் திருத்துகிறார்கள் என்று, மாற்றங்கள் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் பாருங்கள். கூப்பிடாமலே வந்து அடுத்தவர் பிழையைத் திருத்துகிறவர் நாலைந்து பேர் இருந்தால் தனித்தளம் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் அங்கேயே தொடருங்கள், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

தனித்தளம் என்று முடிவானால் டொமைன், சர்வர் கடவுச்சொல், காப்புநகல் மூன்றும் குறைந்தது இரண்டு பேர் கையில் இருக்கட்டும். டொமைன் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல், வேலை மாறிப்போன ஒருவரின் பழைய அலுவலக முகவரிக்குப் போய்க்கொண்டிருந்த கதையை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் பார்த்துவிட்டேன்.