கொம்பை எப்போது போட்டாள்?

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுப்பேன். அதில் பழைய கல்வெட்டுகளில் காணும் தமிழி எழுத்தில் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளும் அவற்றால் எழுதிய இரண்டு வரிகளும் இருக்கும். எல்லாம் தினமும் பேசுகிற சொற்கள்தான். அரை மணி நேரம் எழுத்துகளைச் சொல்லித் தருவேன். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து வாசிக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் விரலை வைத்துத் தடவித் தடவி, "ம... ர... த்... தி..." என்று திணறுவார்கள். கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோயிருக்கும். "என்ன படிச்சீங்க?" என்று கேட்டால் திருதிருவென விழிப்பார்கள். சிலருக்குக் கோபமே வந்துவிடும். வரட்டும். படிக்கத் தெரிந்து பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்களுக்கு அது ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய வேலையாக இருந்தது என்பது சுத்தமாக மறந்திருக்கும். அதை மறந்தவர் ஒன்றாம் வகுப்பில் போய் நின்றால், "நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்?" என்பதைத் தவிர அவரிடம் வேறு கேள்வி இருக்காது.

"247 எழுத்து, பாவம் பிள்ளைங்க" என்று சில மாணவர்கள் சொல்வார்கள். பாரம் அந்த எண்ணிக்கையில் இல்லை. முன்னால் கொம்பு இல்லாமல் துணைக்கால் எங்கே வந்தாலும் ஆகாரம்தான். ஒருமுறை பிடிபட்டால் குழந்தை தானே ஓடிவிடும். உகர, ஊகார வரிசைகள்தான் காலை வாரும். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அங்கே விதியைச் சொல்லிப் பயனில்லை, ஒவ்வோர் எழுத்தாகப் பழக வேண்டியதுதான்.

இதைவிட நுணுக்கமானது கொம்பு. 'பே' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் உதடு ஒட்டிப் 'ப்' வருகிறது, பிறகுதான் 'ஏ'. எழுதும்போது ஏகாரத்தின் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு வரிசைகளிலும் இப்படித்தான். 216 உயிர்மெய்களில் 108, அதாவது சரிபாதி, காதுக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு ஒரு வரிசை.

கற்பித்தல் பயிற்சியின்போது ஒரு பள்ளியில் பார்த்தேன். ஒரு சிறுமி 'பேனா' எழுதுகிறாள். முதலில் 'ப' போட்டாள், யோசித்தாள், பிறகு இடப்பக்கம் இருந்த சின்ன இடுக்கில் இரட்டைக் கொம்பைத் திணித்தாள். எழுத்து கோணலாக வந்தது. பயிற்சி மாணவி நோட்டை வாங்கிப் பார்த்து, "அழகா எழுதணும்" என்று அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார். கையெழுத்தில் கோளாறு இல்லை. அந்தப் பிள்ளை காதில் விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறது. எழுதி முடித்த சொல்லைப் பார்த்தால் இது தெரியாது, எழுதும் கையைப் பார்க்க வேண்டும். 'பாட்டி' என்பதைப் 'பட்டி' என்றும் 'அம்மா' என்பதை 'அமா' என்றும் எழுதுகிற பிள்ளைகளும் எதைக் கேட்டார்கள், எது நழுவியது என்பதை நமக்குக் காட்டுகிறார்கள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டால் அது அத்தோடு மறைந்துபோகும்.

இன்னொன்று, நாமே கிளப்பிவிடுகிற குழப்பம். மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். அப்படிப் படித்த பிள்ளை 'படம்' என்பதை 'ப, ட, இம்' என்று கூட்டிவிட்டு, இந்த 'இ' எங்கிருந்து வந்தது என்று முழிக்கிறது. 'ம்' என்றால் வாயை மூடி முனகிக் காட்டலாம். 'க்' தனியாக நிற்காது. 'பக்-கம்' என்று கைதட்டிப் பிரித்துக் காட்டுவது நல்லது.

பேச்சு வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'வீட்டில்' என்று அச்சில் இருப்பதை ஒரு பையன் 'வீட்ல' என்று வாசிக்கிறான். நம் ஆட்கள் உடனே நிறுத்தித் திருத்துவார்கள். அவன் பொருள் புரிந்து படித்திருக்கிறான் ஐயா! 'வீட்-டி-ல்' என்று துல்லியமாக வாசித்த பக்கத்துப் பையனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஆனால் 'வீட்ல' என்றவன் படத்தைப் பார்த்து ஊகித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. படத்தைக் கையால் மறைத்துவிட்டு அடுத்த வரியைப் படிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

2022இல் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நுழைந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளை அரும்பில் ஏன் நிற்கிறது என்பதை எந்த அட்டையும் சொல்லாது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் தெரியும். எங்கள் மாணவர்களோ பயிற்சிக் காலத்தில் பாதி இரவுகளைத் துணைக்கருவி செய்யத் தெர்மாகோல் வெட்டுவதிலும் சார்ட்டில் ஜிகினா ஒட்டுவதிலும் கழிக்கிறார்கள்.

அதனால் இப்போது ஒரு வேலை வைத்திருக்கிறேன். கற்பித்தல் பயிற்சி முடியும்வரை ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பிள்ளை. தினமும் பத்து நிமிடம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், இரண்டு சொல் எழுதச் சொல்லிக் கையைப் பார்க்க வேண்டும். திருத்தக் கூடாது, பார்த்ததை நோட்டில் எழுதினால் போதும். முதல் வாரம் "நன்றாகப் படித்தான்", "சுமாராகப் படித்தாள்" என்றே நோட்டு நிறையும். மூன்றாவது வாரம், "இன்று 'தேன்' எழுதும்போது கொம்பை முதலிலேயே போட்டாள். 'கோழி'யில் மட்டும் மறுபடி பின்னால் வந்து போட்டாள்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தார்.

மதிப்பெண் பட்டியலில் இந்த நோட்டுக்கென்று தனி இடம் கிடையாது. துணைக்கருவிகளுக்கு உள்ள மதிப்பெண்ணில் சேர்த்துப் போட்டுவிடுகிறேன்.