கயிறு கொஞ்சம் தொங்கட்டும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஷோப்பி இணையக் கடையில் ‘நிஞ்ஜா’ செட்டுகள் வரிசைகட்டி நிற்கும். இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்ட ஒரு நீளப் பட்டை, அதில் மாட்ட வளையங்கள், தொங்கு கம்பிகள், கயிற்றேணி, ஏறிக் கடக்க ஒரு வலை. எத்தனை தடைகள், எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும். பிள்ளை எதன்மேல் விழப்போகிறது, பட்டை எவ்வளவு தொங்க வேண்டும் என்ற இரண்டு விஷயங்கள் பெரிய எழுத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அந்த இரண்டைத்தான். இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே இயற்பியல்: குழைந்து கொடுக்கிற பொருள் விசையைக் குறைக்கும், விறைத்து நிற்பது கூட்டும்.

விழுவதில் தொடங்குவோம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் பிள்ளை தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இருக்கும். எடை 20 கிலோவோ 40 கிலோவோ, வேகம் ஒன்றுதான். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதில்தான் அடியின் கடுமை இருக்கிறது. கணக்கு எளிது: விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுங்கள். மரச்சில்லுகளின் மேல் விழுந்து 10 செ.மீ. அமுங்கி நின்றால், உடல் தாங்குவது புவியீர்ப்பைப்போல் 15 மடங்கு. ஒரே செ.மீ.க்குள் நின்றால் 150 மடங்கு. சிமெண்டில் தலை மோதினால் அந்த ஒரு செ.மீ.கூடக் கிடைக்காது. இதெல்லாம் சராசரிதான், கண நேர உச்சம் இதைவிட மேலே போகும். விளையாட்டுத் திடல்களின் தரைக்கு அமெரிக்க, ஐரோப்பியத் தரநிலைகள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 200 மடங்கு.

இந்த வகுத்தலை மனதில் வைத்துக்கொண்டு கடையில் பார்த்தால் பல சமாதானங்கள் உடனே சரிந்துவிடும். ஒன்றோடொன்று கோத்துப் போடும் வண்ண நுரைப்பாய் 2 செ.மீ. தடிமன் என்றால், முழுக்க நசுங்கினாலும் அது தரக்கூடியது 2 செ.மீ.தான். தவழ்ந்து போகும் தடைக்கு அது போதும், தொங்கும் கம்பிக்கு அடியில் போட உதவாது. ‘புல்தரைதானே’ என்பதும் அப்படித்தான். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் புல்லையும் வெறும் மண்ணையும் பாதுகாப்பான தரையாகக் கணக்கில் எடுப்பதே இல்லை. நம் கோலாலம்பூரில் காரணம் கண்ணெதிரே தெரியும். பிள்ளைகள் குதித்து இறங்கும் அதே இடத்தில்தான் புல் முதலில் தேய்ந்து வழுக்கை விழும். அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் செம்மண், நான்கு நாள் மழை இல்லாவிட்டால் ஓடு மாதிரி இறுகிவிடும்.

அந்த ஆணையத்தின் வழிகாட்டி தளர்வாகப் பரப்பும் மரச்சில்லுகளுக்குச் சொல்லும் ஆழம் 23 செ.மீ. தடையின் எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் காலி இடம் விடவும் சொல்கிறது. செந்தூலிலோ செராஸிலோ வரிசையாக ஒட்டிக் கட்டிய 20 அடி அகல தெரஸ் வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்ததும் சிரிப்பார்கள். பின்பக்கத்தில் பாதியைச் சமையலறை விழுங்கியிருக்கும், மீதி சிமெண்டு. அப்படிப்பட்ட வீட்டில் தொங்கும் தடையே வேண்டாம் என்பது என் கருத்து. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. உட்காதின் சமநிலை உறுப்பு, கண், மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்விகள் ஆகிய மூன்றிலிருந்தும் வரும் செய்திகளைக் கோத்துத்தான் மூளை உடலை நிமிர்த்தி வைக்கிறது. தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் வைத்த கட்டையில் நடந்தாலும் அந்தக் கோக்கும் வேலை அப்படியே நடக்கும். கட்டையை ஒரு மீட்டர் உயர்த்தினால் பயம் கூடும், அடியும் கூடும், அவ்வளவுதான்.

தரை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் கை உடையாது என்று நினைக்க வேண்டாம். அந்தத் தரநிலைகள் தலையை வைத்து வகுத்தவை. விழும்போது பிள்ளை கையை நீட்டி ஊன்றும். முன்கையோ முழங்கைக்குச் சற்று மேலுள்ள எலும்போ முறியும். ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இந்த முழங்கை முறிவு அதிகம். அதற்கு ஒரே மருந்து உயரத்தைக் குறைப்பது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கையால் தொங்கிக் கடக்கும் கம்பிகளை வாங்காமலே இருக்கலாம்.

இப்போது கயிறு. கொடிக்கயிற்றில் ஈரமான போர்வையைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். தளர்வான கொடி தாழ்ந்து கொடுக்கும், முறுக்கிக் கட்டிய கொடி ஆணியைப் பிடுங்கும். போர்வையின் எடை மாறவில்லை, கோணம்தான் மாறியது. பட்டையில் தொங்கும் பிள்ளையை மேல்நோக்கித் தாங்குவது இரண்டு பக்க இழுவிசையின் செங்குத்துப் பங்கு மட்டுமே. பட்டை கிட்டத்தட்டப் படுக்கையாக இருந்தால் அந்தப் பங்கு மிகச் சிறியது. அதை ஈடுகட்ட மொத்த இழுவிசை பல மடங்கு ஏற வேண்டும்.

எண்ணில் பார்க்கலாம். மரங்களுக்கு இடையே 8 மீட்டர், பிள்ளை 30 கிலோ. நடுவில் தொங்கும்போது பட்டை 20 செ.மீ. மட்டும் தாழ்ந்தால், ஒவ்வொரு முனையிலும் இழுவை சுமார் 300 கிலோ எடைக்குச் சமம். 80 செ.மீ. தாழ்ந்தால் வெறும் 76 கிலோ. எட்டித் தாவிப் பிடித்தால் இந்த எண்கள் இரட்டிப்பாகும், சில சமயம் அதையும் தாண்டும். கூடவே தம்பியும் தொற்றிக்கொள்வான், சொல்லவே வேண்டாம்.

செகாம்புட்டில் ஒரு நண்பர் வீட்டில் பட்டையின் ஒரு முனை பலா மரத்தில், மறுமுனை பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் மதிலில் பதித்த கொக்கியில். பட்டையை இறுக்குவது, லோரியில் சாமான் கட்டுவார்களே, அதே ராட்செட்தான். “தொங்குனா பசங்க கால் தரையில இடிக்குதுண்ணே” என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியை இன்னும் நாலு கிளிக் இழுத்தார். கொக்கிக்குக் கீழே சாயத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது. விரல் நகம் வைத்தால் தட்டுப்பட்டது. ஒற்றைச் செங்கல் மதில் மேலிருந்து அமுக்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். பக்கவாட்டில், அதுவும் உச்சிக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான கிலோ இழுத்தால், தாங்குவதற்கு அதனுள் கம்பியும் இல்லை, அகலமும் இல்லை. மதில், கேட் தூண், துணி காயும் கம்பம் மூன்றிலும் பட்டை கட்டவே கூடாது.

கால் இடிப்பதற்குத் தீர்வு இறுக்குவது அல்ல, நீளத்தைக் குறைப்பது. நடுவில் தாழும் தொங்கல், கட்டிய நீளத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் ஒவ்வொரு முனையிலும் இழுவை பிள்ளையின் எடையைப்போல் இரண்டரை மடங்கு மட்டுமே. 8 மீட்டருக்கு அது 80 செ.மீ.; 5 மீட்டருக்கு அரை மீட்டர் போதும். அதே இழுவைதான், ஆனால் பட்டையை அவ்வளவு உயரத்தில் கட்டத் தேவையில்லை. ஆகவே பெட்டியில் 15 மீட்டர் பட்டை வந்தாலும் முழு நீளத்துக்கும் கட்ட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முதலில் தொங்க வேண்டிய ஆள் அப்பா. 80 கிலோ ஆள் காலை மடக்கித் தொங்கி, மெல்ல ஆடிப் பார்த்த பிறகு பிள்ளை ஏறட்டும். இறுகிய பட்டை அறுந்தால் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் எல்லாம் இரும்பு ராட்செட்டைப் பறக்கவிடும். இறுக்கும்போதும் தளர்த்தும்போதும் பிள்ளைகளைப் பட்டையின் நேர்கோட்டில் நிற்க விடாதீர்கள்.

மரம் குறைந்தது 30 செ.மீ. குறுக்களவு இருக்கட்டும். பலா நல்லது; முதிர்ந்த ரம்புத்தானும் மாவும் சரி. பப்பாளித் தண்டில் உள்ளே வெற்றிடம், முருங்கை காற்றுக்கே முறியும், தென்னை உறுதிதான் என்றாலும் தலைக்கு மேல் காய் இருக்கிறது. நம் ஊரில் பெரிய வில்லன் கரையான். வெளியே மரப்பட்டை பசுமையாக இருக்கும், உள்ளே கூடு கட்டி மரத்தைத் தின்று முடித்திருக்கும். அடிமரத்தில் பென்சில் தடிமனுக்கு மண் குழாய் ஏறுகிறதா பாருங்கள். மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். ‘டொக்’ என்று இறுக்கமாகக் கேட்ட ஒலி ஓரிடத்தில் ‘டம்’ என்று மாறினால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். நல்ல மரத்துக்கும் மரியாதை வேண்டும். மரப்பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படலம்தான் புதிய திசுக்களை உண்டாக்குகிறது. அது சுற்றிலும் நசுங்கினால் மரம் பட்டுப்போகும். பழைய கம்பளத் துண்டை அடியில் வைத்து, அகலப் பட்டையால் கட்டி, விடுமுறை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

வலை வாங்கும்போது கண்ணிகளை அளந்து பாருங்கள். 9 முதல் 23 செ.மீ. வரையிலான இடைவெளிதான் சிறு பிள்ளைகளுக்குப் பொறி: கால் முதலில் நுழைந்து உடம்பும் வழுக்கிப் போய்விடும், தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். சைக்கிள் ஹெல்மெட் மாட்டிவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் வலையிலும் ஏணியிலும் அது தலையைப் பெரிதாக்கி, நாடாவால் கழுத்தையும் பிடித்துக்கொள்ளும். கழுத்தில் தாயத்துக் கயிறு, சங்கிலி, பஞ்சாபி சூட்டின் துப்பட்டா எல்லாமே ஏறுவதற்கு முன் கழன்றாக வேண்டும். பாட்டி திட்டினால் திட்டட்டும்.

ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீலக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயிலில் புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். வளைத்துத் தேய்த்தால் விரலில் தூள் ஒட்டும். அந்தக் கயிறு செடி கட்ட மட்டும்தான் ஆகும். நைலான் ஈரத்தில் வலிமை கொஞ்சம் இழந்து நீளும். பாலியெஸ்டர் பட்டை வெயில், ஈரம் இரண்டையும் ஓரளவு தாங்கும் என்பதால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். மரக்கட்டைகளில் பாசி பிடித்தால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மத்தியான இடி கேட்டால் எல்லாரும் உள்ளே. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழித்துத்தான் மரத்தடிக்குத் திரும்பலாம்.

பழைய டயர்களைப் புதைத்து ஓடவிடுவது மலிவான, நல்ல தடைதான். ஆனால் டயரின் உள்வளைவில் தேங்கும் மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் உண்டு. பாதி புதைத்து நிறுத்தும் டயருக்குள் விளிம்புவரை மண்ணைக் கெட்டியாக நிரப்புங்கள். படுக்கப்போடும் டயர் என்றால் கீழ்ப்பக்கத்தில் துரப்பணத்தால் நாலைந்து பெரிய ஓட்டைகள் போட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, முழுவதும் வடிகிறதா என்று பாருங்கள்.