கல்லுக்கு அடியில பாம்பு இருக்கா, இல்லையா?

காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "கொரோனா சமயத்துல செய்தி பார்த்தா பயமா இருந்துச்சு, பார்க்காம இருந்தா அதைவிட பயமா இருந்துச்சு. இப்பவும் எங்கயோ புது வைரஸ்னு காதுல விழுந்தா கை தன்னால ஃபோனுக்குப் போகுது, ஏன்?" இந்தக் கேள்வியோட ரெண்டாவது பாதியிலதான் விஷயமே இருக்கு.

முதல் பாதி தெரிஞ்ச கதை. ஆபத்துன்னா மூளையில அமிக்டலான்னு ஒரு சின்னப் பகுதி மணி அடிக்கும், அட்ரினலின், கார்டிசால்னு டென்ஷன் ஹார்மோன் எல்லாம் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும். அதுக்கு ஆபத்து நேர்ல வரணும்னு அவசியமில்ல. 2013ல அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்துல குண்டு வெடிச்சுது இல்லையா, அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரம், அதுக்கும் மேலன்னு அந்தச் செய்தியிலேயே கிடந்தவங்களுக்கு, சம்பவத்தை நேரடியா அனுபவிச்சவங்களைவிட மன அழுத்தம் அதிகமா இருந்துச்சுன்னு ஆய்வுல வந்துச்சு.

சரி, பார்க்காம இருந்தா ஏன் பயம்? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை ஒண்ணு வருது. 2016ல வெளியானது, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரங்க செஞ்சது. 45 பேரை ஒரு கம்ப்யூட்டர் கேம் ஆட விட்டாங்க. ஸ்க்ரீன்ல ஒரு கல்லு வரும், அதுக்கு அடியில பாம்பு இருக்கா இல்லையான்னு சொல்லணும், பாம்பு இருந்துச்சுன்னா கையில சுளீர்னு ஷாக், நிஜமான கரண்ட் ஷாக். எந்தக் கல்லுல பாம்பு அடிக்கடி வரும்னு ஆட ஆட பிடிபட்டுடும், ஆனா பிடிபட்ட நேரம் பார்த்து அந்தக் கணக்கை மாத்திடுவாங்க. ஆடுறவங்களோட கண்ணுப் பாப்பா எவ்வளவு விரியுது, தோல் எவ்வளவு வேர்க்குதுன்னு பக்கத்துலயே அளந்துக்கிட்டு இருந்தாங்க.

ஷாக் கண்டிப்பா வரும்னு தெரிஞ்சப்பதான் டென்ஷன் உச்சத்துல இருக்கும்னு நினைப்போம். கிடையாது. வருமா வராதான்னு பாதிக்குப் பாதியா இருந்தப்பதான் வேர்வையும் கண்ணுப் பாப்பாவும் உச்சத்துக்குப் போச்சு. அடி விழப்போகுதுன்னு உறுதியா தெரிஞ்சுட்டா உடம்பு ஒரு மாதிரி தயாராயிடுது, விழுமா விழாதான்னு தெரியலன்னாதான் தவிச்சுப் போகுது!

இப்ப 2020க்கு வாங்க. பரீட்சை நடக்குமா, பாதிக்குப் பாதி. காலேஜ் திறக்குமா, பாதிக்குப் பாதி. நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க, ஆனா நம்ம மூலமா வீட்டுல இருக்கிற பாட்டிக்கு ஒட்டிக்குமா, அதுவும் தெரியாது. இந்தத் தவிப்பு தாங்காமதான் ராத்திரி ஒரு மணிக்கு இருட்டுல படுத்துக்கிட்டே கட்டைவிரலால ஸ்க்ரீனைக் கீழ இழுத்து விடுறோம், அந்தச் சின்ன வட்டம் சுத்துது, ஏதாவது ஒரு உறுதியான பதில் வந்துடாதான்னு பார்க்கிறோம். வர்றது என்ன? ஒரு சிரிப்பு வீடியோ, அடுத்து ஒரு பாட்டு, அடுத்து ஆஸ்பத்திரி வாசல்ல அழுற ஒரு முகம். ஒவ்வொரு போஸ்ட்டும் ஒரு கல்லு. எதுக்கு அடியில பாம்புன்னு கணக்கே கிடையாது. சந்தேகத்தைத் தீர்க்கப் போன இடத்துல சந்தேகம்தான் வளருது, வளர்ந்தா திரும்ப இழுத்து விடத் தோணுது.

வயசு சின்னதுன்னா இது இன்னும் கஷ்டம், ஏன்னா "போதும், ஃபோனை வை"ன்னு சொல்ற நெத்திப் பக்க மூளை முழுசா முதிர இருபத்தஞ்சு வயசு கிட்ட ஆயிடும், மணி அடிக்கிற பகுதியோ அதுக்கு ரொம்ப முன்னாடியே வேகமா வேலை செய்ய ஆரம்பிச்சிடுது. 2021ல, கொரோனா காலத்துல நடந்த 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, 80,000க்கும் மேல பிள்ளைங்க, சுமாரா நாலுல ஒருத்தருக்கு மனச்சோர்வு அறிகுறி, அஞ்சுல ஒருத்தருக்குப் பதற்ற அறிகுறி. எல்லாத்துக்கும் செய்திதான் காரணம்னு சொல்லிடக் கூடாது, தனிமை இருந்துச்சு, சாவு இருந்துச்சு, வீட்டுல வருமானம் போச்சு. அதோட, ஏற்கனவே பதற்றமா இருக்கிறவங்கதான் செய்தியை அதிகம் தேடுவாங்க, அதனால எது முதல்ல வந்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ல அதே பிள்ளைங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பார்க்கணும். நோய் பரவும்போது மட்டும் ஆய்வுக்குப் பணம் கொடுத்துட்டு அடங்கினதும் கையை விரிச்சா இந்த வேலை நடக்கவே நடக்காது, இதுல எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மனசுல தெம்பு இல்ல"ன்னு சொல்றதைக் கேட்டா அதைவிடக் கோபம் வரும். அது அறிவியலே இல்ல, சுத்தமான மூடநம்பிக்கை.

தம்பி, செய்தியே பார்க்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அந்தப் பயம் வேற மாதிரி வரும்னு நீங்களே சொல்லிட்டீங்க. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்லயே சொன்னது, குறிப்பிட்ட நேரத்துல, நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவை மட்டும் பாருங்கன்னு. கல்லு கணக்குல யோசிச்சா இது ஏன் உதவும்னு புரியும்: பாம்பு எப்ப வரலாம்ங்கிறதாவது தெரிஞ்சு போகுது. நோட்டிஃபிகேஷனையும் அணைச்சுடுங்க, இல்லன்னா கல்லு தானா உருண்டு வந்துடும்.

அந்த 45 பேர் விஷயத்துல இன்னொண்ணும் தெரிய வந்துச்சு. நிலவரம் எவ்வளவு நிச்சயமில்லாம இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி யாரோட டென்ஷன் ஏறி இறங்குச்சோ, அவங்கதான் பாம்பு எங்க இருக்குன்னு நல்லா சரியா சொன்னாங்க.