டை ராடை வெட்டிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்

மறுபடியும் ஒரு பண்ணை வீடு. ஹாலுக்குச் செங்கல்லில் வளைகூரை, அதாவது நம் மேஸ்திரிகள் வால்ட் என்று சொல்வது. உச்சியில் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடுகிறது, பட்டி பார்த்தால் சரியாகிவிடுமா என்று வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கச் சுவரிலும் அறுத்த கம்பியின் முனை, மேலே புதுப் பெயின்ட்! சாண்ட்லியர் மாட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று இன்டீரியர் செய்தவர் சொன்னாராம், வெல்டரைக் கூப்பிட்டு நான்கு டை ராடையும், அதாவது எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துக் கட்டியிருந்த இரும்புக் கம்பிகளை, எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "கம்பி கூரையைத் தொடவே இல்லையே சார், அது எதைத் தாங்குது?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அது கூரையைத் தாங்கவில்லை ஐயா, சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வளைவுக்குப் பலம் அதிகம், அது தானாகவே நிற்கும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. பாதிதான் உண்மை. கான்கிரீட் தளம் சுவர் மேல் உட்கார்ந்து கீழ்நோக்கி மட்டும் அழுத்தும். வளைகூரை கீழேயும் அழுத்தும், சுவரை வெளிப்பக்கமும் தள்ளும், இரவு பகல் ஓயாமல், கட்டி நூறு வருஷம் ஆனாலும். ஒரு சங்கிலியை இரண்டு கையிலும் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள், கைகளை உள்ளே இழுக்கும்; அதையே தலைகீழாகத் திருப்பினால் வளைவு, இழுப்பதற்குப் பதில் தள்ளும். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் கண்டுசொன்னது இதைத்தான். சங்கிலியை இறுக்கிப் பிடித்துத் தொய்வைக் குறைத்தால் கை வலிக்கும் இல்லையா, அதேபோல் வளைவு தட்டையாக ஆக ஆகத் தள்ளுவிசை ஏறும். 3 மீட்டர் அகல அறை, கூரை எடை சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று வையுங்கள். வளைவின் உயரம் (சுவர் முடிகிற இடத்திலிருந்து உச்சி வரை) 75 செ.மீ. இருந்தால் சுவரின் ஒவ்வொரு மீட்டரையும் சுமார் 750 கிலோ வெளியே தள்ளும். 'கொஞ்சம் ஸ்லிம்மா இருக்கட்டும்' என்று 30 செ.மீ. ஆக்கினால் 1,875 கிலோ. ஒன்பது அங்குலச் சுவர் இதைத் தனியாகத் தாங்குமா? அதற்குத்தான் கம்பி, அல்லது கனமான சுவர், அல்லது வெளிப்பக்கம் முட்டுக்கொடுக்கும் உதைசுவர்.

ஆரோவிலில் மண்கட்டி வளைகூரைகளைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்வேன். அங்கே கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். நீங்கள் போட்டோவைக் காட்டிக் கட்டச் சொல்கிறீர்கள். (ஜிப்சம் போர்டை வளைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை, அது மேலே தொங்குகிற அலங்காரம், யாரையும் தள்ளாது.)

இதைவிட மோசமானது பாகப்பிரிவினை. இரும்பு கர்டர்களுக்கு நடுவே சின்னச் சின்னச் செங்கல் வளைவு போட்ட ஜாக் ஆர்ச் கூரை, பழைய வீடுகளிலும் கிடங்குகளிலும் இன்னும் நிறைய இருக்கிறது. மரக்கட்டை மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வேறு, இது வேறு. ஜாக் ஆர்ச்சில் பக்கத்துப் பக்கத்து வளைவுகள் ஒன்றையொன்று தள்ளிச் சமன் செய்துகொள்கின்றன, கடைசி வளைவின் தள்ளலைத்தான் டை ராடும் ஓரச் சுவரும் பிடிக்கின்றன. அண்ணன் தம்பி வீட்டை நடுவில் பிரிக்கிறார்கள், தம்பி தன் பாதியை இடிக்கிறார். அண்ணன் பாதியின் ஓர வளைவு இப்போது யாரைத் தள்ளும்? காற்றைத்தான். பத்திரப் பதிவுக்கு வக்கீலைப் பார்க்கிறீர்கள், இடிப்பதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

வளைவு வந்து உட்காரும் பக்கச் சுவரில் ஜன்னலைப் பெரிதாக்கவே வேண்டாம். வாசல் பெரிதாக வேண்டும் என்றால் அரைவட்டம் தெரியும் முகப்புச் சுவரில் வையுங்கள், நீள வளைகூரையின் பாரம் அதில் பெரும்பாலும் இறங்குவதில்லை. மேலே ஒரு ஓரமாகத் தண்ணீர் டேங்க் வைக்காதீர்கள், வளைவுக்கு ஒருபக்க எடை ஆகாது. உச்சியில் துளை போட்டு ஊஞ்சல் மாட்டவும் வேண்டாம், குழந்தைகள் கேட்டாலும்.

கம்பியை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன். இன்ஜினீயர் வரும்வரை ஆட்களை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள், விரிசலைப் பட்டி வைத்து மூடாதீர்கள், மூடினால் எவ்வளவு நகர்ந்தது என்றே தெரியாமல் போய்விடும். அந்தக் கம்பிகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் வையுங்கள். எவ்வளவு கனத்தில், எத்தனை அடிக்கு ஒன்றாக இருந்தன என்பது புதிதாகப் போடுகிறவருக்கு வேண்டும்.